பழைய டெல் ஆப்டிபிளெக்ஸ்: பராமரிப்பும் பழுது பார்ப்பதும் – அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கார்ப்பரேட் அலுவலகங்களில் லீஸ் முடிந்து வெளியே வரும் சின்ன டெல் ஆப்டிபிளெக்ஸ் கம்ப்யூட்டர் பெட்டிகள் இன்று சென்னை ரிச்சி ஸ்ட்ரீட்டில் அடுக்கடுக்காகக் கிடைக்கின்றன. வீட்டுக்கும், டியூஷன் சென்டருக்கும், சின்னக் கடை பில்லிங்குக்கும் வாங்கிப் போகிறவர்கள் அதிகம். வாங்கிய பிறகு வரும் சந்தேகங்கள் பெரும்பாலும் ஒரே மாதிரியானவை. அவற்றுக்கான பதில்கள் இங்கே. 2012-ல் வந்த 7010, அதற்கு அடுத்து வந்த 3020, 9020 ஆகிய மாடல்களை மனதில் வைத்து எழுதியிருக்கிறேன். மற்ற கம்பெனிகளின் அதே காலத்துப் பெட்டிகளுக்கும் பாதிக்கு மேல் பொருந்தும்.

என்னிடம் இருப்பது எந்த மாடல் என்று எப்படித் தெரிந்துகொள்வது?

பெட்டியின் மேலோ பின்னாலோ ஏழு எழுத்து-எண்கள் கொண்ட சர்வீஸ் டேக் ஒட்டியிருக்கும். டெல் சப்போர்ட் தளத்தில் அதைப் போட்டால் மாடல், தொழிற்சாலையிலிருந்து வந்தபோது உள்ளே இருந்த பாகங்கள், மேனுவல், பயாஸ் (ஆன் செய்தவுடன் முதலில் ஓடும் அடிப்படை மென்பொருள்) அப்டேட் எல்லாம் வந்துவிடும். ஸ்டிக்கர் கிழிந்திருந்தால், ஆன் செய்தவுடன் எஃப்2 விசையைத் தட்டி பயாஸுக்குள் போங்கள். முதல் பக்கத்திலேயே இருக்கும்.

அளவும் முக்கியம். புத்தகப் பை அளவில் இருப்பது எஸ்எஃப்எஃப். இதற்குள்ளேயே பவர் சப்ளை உண்டு. உள்ளங்கையில் ஏந்தக்கூடிய அளவில், லேப்டாப் மாதிரி வெளியே அடாப்டரோடு வருவது மைக்ரோ. இரண்டுக்கும் ரேம் வேறு, பவர் வேறு, சிபியுவின் சூடும் வேறு. கடையில் "9020-க்கு ரேம் கொடுங்க" என்று மட்டும் கேட்டால் தவறானது கைக்கு வரலாம்.

பவர் பட்டனை அழுத்தினால் எதுவுமே நடக்கவில்லை. மதர்போர்டு போய்விட்டதா?

அந்த முடிவுக்கு அவ்வளவு சீக்கிரம் போகாதீர்கள். முதலில் பிளக்கைப் பிடுங்கிவிட்டு, பவர் பட்டனைப் பத்து நொடி அழுத்திப் பிடியுங்கள். உள்ளே தேங்கியிருக்கும் மின்சாரம் வடிந்துவிடும். பிறகு யுபிஎஸ், எக்ஸ்டென்ஷன் பாக்ஸ் எதுவும் நடுவில் இல்லாமல், நேராகச் சுவர் பிளக்கில் வேறொரு பவர் கார்டு போட்டு முயன்று பாருங்கள். கணிசமான பெட்டிகள் இந்த இடத்திலேயே உயிர் பெற்றுவிடும்.

எஸ்எஃப்எஃப் பெட்டி என்றால் இன்னொரு நல்ல வசதி இருக்கிறது. 7010, 9020 பெட்டிகளின் பின்பக்கம், பவர் கார்டு செருகும் இடத்துக்குப் பக்கத்தில், ஒரு குட்டி பட்டனும் ஒரு குட்டி விளக்கும் இருக்கும். பவர் சப்ளை தன்னைத் தானே சோதித்துக்கொள்வதற்காக டெல் வைத்தது அது. கார்டு செருகிய நிலையில் அந்தப் பட்டனை அழுத்துங்கள். பச்சை விளக்கு எரிந்தால் எஸ்எம்பிஎஸ், அதாவது பவர் சப்ளை, உயிரோடு இருக்கிறது. எரியவில்லை என்றால் உடனே புது எஸ்எம்பிஎஸ் வாங்க ஓட வேண்டாம். பிளக்கைப் பிடுங்கி, மூடியைத் திறந்து, எஸ்எம்பிஎஸ்ஸிலிருந்து மதர்போர்டுக்கும் டிஸ்க்குக்கும் போகும் எல்லா வயர்களையும் கழற்றிவிட்டு, மறுபடி கார்டைச் செருகி அதே பட்டனை அழுத்துங்கள். இப்போது எரிந்தால் எஸ்எம்பிஎஸ் மேல் குற்றமில்லை. அது மின்சாரம் கொடுக்கும் இடத்தில் எங்கோ ஷார்ட். அப்போதும் எரியாவிட்டால்தான் மாற்ற வேண்டும்.

மாற்றும்போது கவனிக்க வேண்டியது: 3020, 9020 மாடல்களில் மதர்போர்டுக்குப் போகும் கனெக்டர் 8 பின் கொண்டது. சாதாரண 24 பின் ஏடிஎக்ஸ் எஸ்எம்பிஎஸ் நேராகப் பொருந்தாது. அதே மாடலுக்கானதைக் கேட்டு வாங்குங்கள். பழையதை நீங்களே திறந்து பார்க்க வேண்டாம். பிளக்கைப் பிடுங்கிய பிறகும் உள்ளே இருக்கும் பெரிய கெப்பாசிட்டரில் 300 வோல்ட்டுக்கு மேல் தங்கியிருக்கக்கூடும்.

ஃபேன் சுற்றுகிறது, பட்டன் ஆரஞ்சு நிறத்தில் மின்னுகிறது, திரையில் ஒன்றும் வரவில்லை.

பெரும்பாலும் ரேம். மின்னுகிற விதத்தை எண்ணிக் குறித்துக்கொண்டு, உங்கள் மாடலின் மேனுவலில் பாருங்கள். மாடலுக்கு மாடல் அர்த்தம் மாறும். அதற்குள் செய்யக்கூடியது: எல்லா ரேமையும் கழற்றிவிட்டு, ஒன்றை மட்டும் முதல் ஸ்லாட்டில் அழுத்திப் போடுங்கள். இரு பக்கக் கிளிப்பும் 'டக்' என்று விழ வேண்டும். வரவில்லையா, அடுத்த ரேம். அதுவும் இல்லையா, அடுத்த ஸ்லாட். ஒரே நேரத்தில் இரண்டை மாற்றினால் எது காரணம் என்று கடைசிவரை தெரியாது.

தங்க நிறப் பட்டைகளை அழிரப்பரால் தேய்ப்பது நம் ஊர் மெக்கானிக்குகளின் பழைய வைத்தியம். வேலை செய்யும் வைத்தியமும்கூட, குறிப்பாகக் கடற்கரை ஊர்களில். உப்புக் காற்றில் அந்தப் பட்டைகள் மேல் மங்கலாகப் படலம் படியும். ஆனால் வெள்ளை மென்ரப்பரால் லேசாகத் தேயுங்கள், இங்க் அழிக்கும் சொரசொரப்பான ரப்பர் வேண்டாம். அது தங்கப் பூச்சையே சுரண்டிவிடும். தேய்த்த துகள் ஒன்றுகூட ஸ்லாட்டுக்குள் போகக் கூடாது. ஐசோபுரொபைல் ஆல்கஹால் கிடைத்தால் அதில் நனைத்த துணியே போதும், ரப்பரே வேண்டாம்.

தேதி ஒவ்வொரு முறையும் பழைய வருடத்துக்குப் போய்விடுகிறது. இணையதளங்கள் எதுவும் திறக்கவில்லை. நேற்றிலிருந்து விண்டோஸும் வரவில்லை. மூன்று பிரச்சினைகளா?

ஒரே பிரச்சினை. மதர்போர்டில் இருக்கும் வட்ட பேட்டரி தீர்ந்துவிட்டது. இந்தப் பழைய பெட்டிகளில் மிக அதிகமாகத் தவறாகப் புரிந்துகொள்ளப்படுவது இதுதான் என்பதால் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன்.

சிஆர் 2032 என்ற அந்த 3 வோல்ட் பேட்டரி, பெட்டிக்கு மின்சாரம் இல்லாதபோது கடிகாரத்தை ஓட வைக்கிறது. அது தீர்ந்தால் தேதி பல வருடம் பின்னால் போய்விடும். ஒவ்வொரு இணையதளத்தின் பாதுகாப்புச் சான்றிதழுக்கும் தொடக்கத் தேதியும் முடிவுத் தேதியும் உண்டு. உங்கள் கம்ப்யூட்டர் பழைய வருடத்தில் இருப்பதாக நினைத்தால், அந்தச் சான்றிதழ்கள் எல்லாம் அதற்கு 'இன்னும் பிறக்காதவை'. அதனால்தான் பேங்க் தளம் முதல் யூடியூப் வரை எல்லாம் எச்சரிக்கை காட்டுகின்றன. வைரஸ் என்று நினைத்து ஃபார்மேட் செய்கிறவர்கள் இங்கேதான் ஏமாறுகிறார்கள்.

அடுத்தது இன்னும் மோசம். பேட்டரி தீர்ந்தபின் பயாஸ் தொழிற்சாலை அமைப்புக்குத் திரும்பிவிடக்கூடும். 9020, 7010 மாடல்களில் டிஸ்க்கோடு எந்த முறையில் பேச வேண்டும் என்று சொல்லும் 'சாட்டா ஆபரேஷன்' என்ற அமைப்பு தொழிற்சாலையில் 'ரெய்டு ஆன்' என்று வைக்கப்பட்டிருக்கும். பெட்டியை உங்களுக்கு விற்றவர் அதை 'ஏஹெச்சிஐ' என்று மாற்றி வைத்துவிட்டு, விண்டோஸையோ, அதற்கு மாற்றான இலவச லினக்ஸையோ போட்டிருந்தால், திரும்பிப் போன அமைப்பில் விண்டோஸ் நீலத் திரையோடு நின்றுவிடும், லினக்ஸுக்கு டிஸ்க்கே தெரியாமல் போகலாம். பூட் முறை, அதாவது கம்ப்யூட்டர் தொடங்கும் விதம், 'லெகசி', 'யுஇஎஃப்ஐ' இரண்டில் ஒன்றிலிருந்து மற்றொன்றுக்கு மாறியிருந்தால் 'நோ பூட் டிவைஸ்' என்று வரும். டிஸ்க் நன்றாகவே இருக்கும். உள்ளே இருக்கும் ஃபோட்டோக்களும் கணக்குகளும் பத்திரமாகவே இருக்கும். இது தெரியாமல் டிஸ்க்கைத் தூக்கி எறிவது பெரிய இழப்பு.

செய்ய வேண்டியது: பிளக்கைப் பிடுங்கி, பழைய பேட்டரியைப் பிடித்திருக்கும் சின்னக் கிளிப்பை நகத்தால் தள்ளி எடுத்து, புதியதை எழுத்து உள்ள பக்கம் மேலே தெரியும்படி போடுங்கள். பிறகு எஃப்2-வில் தேதி, சாட்டா ஆபரேஷன், பூட் முறை மூன்றையும் சரிசெய்யுங்கள். எதை மாற்றுகிறீர்களோ அதற்கு முன்பு இருந்ததை மொபைலில் படம் எடுத்து வையுங்கள். பெட்டி நன்றாக ஓடும் நாளிலேயே பயாஸின் எல்லாப் பக்கங்களையும் படம் எடுத்து வைத்துக்கொண்டால் இன்னும் நல்லது.

மல்டிமீட்டர் இருந்தால்: புது பேட்டரி 3 வோல்ட்டுக்குச் சற்று மேலே காட்டும். 2.8-க்குக் கீழே வந்ததை மாற்றிவிடலாம். தினமும் இரவு சுவர் சுவிட்சையே அணைக்கும் வீடுகளில் இது சீக்கிரம் தீரும். சுவிட்ச் ஆனில் இருக்கும்வரை கடிகாரம் சுவர் மின்சாரத்திலேயே ஓடிக்கொள்ளும். அதற்காக இரவு அணைப்பதை நிறுத்தச் சொல்லவில்லை. இடி மின்னல் காலத்தில் பேட்டரி விலையைவிடப் பெட்டி முக்கியம்.

ஃபேன் சத்தம் தாங்கவில்லை. பெட்டியும் கொதிக்கிறது.

தூசி, அல்லது காய்ந்துபோன தெர்மல் பேஸ்ட் (சிபியுவின் சூட்டை அதன் மேல் இருக்கும் உலோக ஹீட் சிங்குக்குக் கடத்தும் பசை), அல்லது இரண்டும். சின்னப் பெட்டியில் காற்று ஒரே வழியில்தான் போகும். முன்பக்க வலையில் நுழைந்து சிபியு மேல் ஏறிப் பின்னால் வெளியேறும். முன்வலை அடைபட்டாலே எல்லாம் சூடாகிவிடும். அந்த முகப்பைச் சுவரோடு ஒட்டி வைப்பதும், மேசை டிராயருக்குள் வைத்து மூடுவதும் இதே விளைவுதான்.

சுத்தம் செய்ய ஒரு பெயின்ட் பிரஷும் கையால் அழுத்தும் ரப்பர் புளோயரும் போதும். மெஷின் புளோயர் பயன்படுத்தினால் ஃபேனை விரலால் பிடித்துக்கொள்ளுங்கள். காற்றடிப்பில் அது தாறுமாறாகச் சுற்றினால் பேரிங் கெடும். வெளியே, வாசலில் வைத்துச் செய்யுங்கள். நம் ஊர்ப் பெட்டிகளைத் திறக்கும்போது தூசி மட்டும் இருக்காது. கரப்பான் எச்சம், எறும்புக் கூடு, சில சமயம் எஸ்எம்பிஎஸ் ஓரத்தில் காய்ந்த பல்லி. அவை ஈரம் பிடித்தால் ஷார்ட் ஆக்கும் என்பதால் மூலை முடுக்கெல்லாம் பாருங்கள். பின்னால் காலியாக இருக்கும் கார்டு ஸ்லாட்டின் தகடு கழன்றிருந்தால் மூடிவிடுங்கள். அவை வருவது அந்த வழியாகத்தான்.

பத்து வருடம் ஆன பெட்டியில் பேஸ்ட் கட்டாயம் மாற்ற வேண்டும். ஹீட் சிங்கைக் கழற்றுவதற்கு முன் பெட்டியை ஐந்து நிமிடம் ஓட விட்டு, அணைத்து, பிளக்கைப் பிடுங்கிவிட்டுக் கழற்றுங்கள். வெதுவெதுப்பில் பேஸ்ட் இளகும். நான்கு ஸ்க்ரூவையும் குறுக்காகக் கொஞ்சம் கொஞ்சமாகத் தளர்த்துங்கள். நேராகப் பிடித்து இழுக்காமல், லேசாகத் திருகி எடுங்கள். பழைய பேஸ்ட் சாம்பல் நிறத்தில் திருநீறு போல உதிர்ந்தால், இத்தனை நாள் சிபியு என்ன பாடு பட்டிருக்கும் என்று புரியும். துடைத்துவிட்டு, சிபியு நடுவில் ஒரு பட்டாணி அளவு புதியது வைத்து, மறுபடி குறுக்காக முடுக்குங்கள். ஃபேன் வயரைச் செருக மறந்துவிடாதீர்கள்.

சூட்டை ஒரு சாஃப்ட்வேர் போட்டுப் பாருங்கள். 3020, 9020-ல் இருக்கும் இன்டெல் 4-வது தலைமுறை சிபியுக்கள் 100 டிகிரியைத் தொட்டால் தாமாகவே வேகத்தைக் குறைத்துக்கொள்ளும். 'மெதுவாகிவிட்டது' என்று சொல்லப்படும் பெட்டிகளில் சில இப்படித்தான் மெதுவாகின்றன.

மெதுவாக இருக்கிறது. ரேம் கூட்டுவதா, எஸ்எஸ்டி போடுவதா?

உள்ளே பழைய ஹார்ட் டிஸ்க் இருந்தால், சுழலும் தகடு இல்லாத வேகமான டிஸ்க்கான எஸ்எஸ்டிதான் முதலில். சந்தேகமே வேண்டாம். 4 ஜிபி ரேம் மட்டும் இருந்தால் அதை 8 ஆக்குவது இரண்டாவது. அதற்கு மேல் வீட்டு வேலைக்குத் தேவைப்படுவது அரிது.

2.5 அங்குல சாட்டா எஸ்எஸ்டி வாங்குங்கள். என்விஎம்இ எனும் புதிய வகை எஸ்எஸ்டியின் விலையும் ஒன்றாகவே இருக்கிறதே என்று அதை வாங்கிவிடாதீர்கள். 9020 பயாஸுக்கு அதிலிருந்து பூட் செய்யத் தெரியாது. பெயர் தெரியாத பிராண்டில் பாதி விலைக்குக் கிடைப்பதும் வேண்டாம். பழைய டிஸ்க்கிலிருந்து தகவலை மாற்றும் முன் கிரிஸ்டல் டிஸ்க் இன்ஃபோ என்ற சாஃப்ட்வேர் போட்டு அதன் உடல்நிலையைப் பாருங்கள். மஞ்சள் அல்லது சிவப்பு காட்டினால், முதலில் முக்கியமான ஃபைல்களை மட்டும் நகலெடுங்கள், முழு டிஸ்க்கையும் அப்படியே நகலெடுக்கும் குளோன் அப்புறம். சாகக் கிடக்கும் டிஸ்க்கை மணிக்கணக்கில் படிக்க வைத்தால் நடுவிலேயே நின்றுவிடும்.

ரேம் வாங்கும்போது என்ன கேட்க வேண்டும்?

எஸ்எஃப்எஃப்புக்கு டெஸ்க்டாப் டிடிஆர்3, 1600. மைக்ரோவுக்கு லேப்டாப் அளவு டிடிஆர்3எல், அதாவது 1.35 வோல்ட். சர்வரிலிருந்து கழற்றிய ரெஜிஸ்டர்டு ஈசிசி ரேம் மலிவாகக் கிடைக்கும், ஓடாது. 'ஏஎம்டி மட்டும்' என்று சின்ன எழுத்தில் போட்ட 8 ஜிபி ரேமும் விலை குறைவாகச் சுற்றிக்கொண்டிருக்கிறது. அதுவும் இந்த இன்டெல் பெட்டிகளில் ஓடாது. ஒரே அளவில் இரண்டாகப் போட்டால் திரைக் காட்சிகளும் கொஞ்சம் சுறுசுறுப்பாகும்.

எஸ்எஸ்டி போட்டும் யூடியூப் மட்டும் திணறுகிறதே?

4-வது தலைமுறை சிபியுவின் கிராஃபிக்ஸ், ஹெச்.264 வீடியோவைச் சிரமமில்லாமல் விரிக்கும். யூடியூப் இப்போது பெரும்பாலும் அனுப்புவது விபி9 அல்லது ஏவி1 என்ற புதிய வீடியோ வடிவங்கள். அவற்றை இந்தச் சிபியு முழுக்கத் தன் மூளையாலேயே விரிக்க வேண்டியிருக்கிறது. 'ஹெச்264ஐஃபை' என்ற பிரவுசர் எக்ஸ்டென்ஷன் போட்டால் யூடியூப் ஹெச்.264-ஐ அனுப்பும், ஃபேன் சத்தம் அடங்குவதே காதுக்குத் தெரியும். 1080பி வரைதான் கிடைக்கும். இந்தப் பெட்டிக்கு அது தாராளம்.

பெட்டியைத் தொட்டால் விர்ரென்று ஷாக் அடிக்கிறது. பெட்டியில் கோளாறா?

பெட்டியில் இல்லை, பெரும்பாலும் வீட்டு வயரிங்கில். எஸ்எம்பிஎஸ்ஸின் வாசலில் மின் இரைச்சலை வடிகட்ட இரண்டு சின்ன கெப்பாசிட்டர்கள் இருக்கும்; ஒன்று ஃபேஸிலிருந்தும் மற்றொன்று நியூட்ரலிலிருந்தும் பெட்டியின் உலோக உடம்புக்கு இணைந்திருக்கும். எர்த் சரியாக இருந்தால் அந்தக் கசிவு மண்ணுக்குப் போய்விடும். எர்த் இல்லாத வீட்டில் உடம்பு, 230 வோல்ட்டில் பாதியளவில் மிதக்கும். மின்னோட்டம் மிகக் குறைவு என்பதால் விர்ரென்ற உணர்வோடு நிற்கிறது. ஆனால் இதே வீட்டில் கிரைண்டரிலோ ஹீட்டரிலோ கசிவு வந்தால் காப்பாற்ற எர்த் இல்லை என்பதுதான் உண்மையான ஆபத்து. மூன்று பின் பிளக்கில் எர்த் பின்னை உடைத்துப் போடுவது, இரண்டு பின் கன்வெர்ட்டர் போடுவது, இரண்டையும் இன்றே நிறுத்துங்கள். எலக்ட்ரீஷியனைக் கூப்பிட்டு எர்த்தைச் சோதிக்கச் சொல்லுங்கள். ஷாக் கடுமையாக இருந்தால் பெட்டியை ஓட்டவே வேண்டாம்.

கரண்ட் போனவுடன் யுபிஎஸ் இருந்தும் அணைந்துவிடுகிறது.

யுபிஎஸ் பேட்டரி பழசாகியிருந்தால் முதலில் அதை மாற்றுங்கள். பேட்டரி நன்றாக இருந்தும் இப்படி நடந்தால், விலை குறைந்த யுபிஎஸ்கள் பேட்டரியில் ஓடும்போது தரும் சதுர அலை மின்சாரத்தை டெல் எஸ்எம்பிஎஸ் சில சமயம் ஏற்பதில்லை. சைன் அலை தரும் யுபிஎஸ் அல்லது வீட்டு இன்வெர்ட்டரில் இணைத்துப் பாருங்கள். கரண்ட் வந்ததும் பெட்டி தானாக ஆன் ஆவது பிடிக்கவில்லை என்றால், பயாஸில் 'ஏசி ரெக்கவரி' என்பதை 'பவர் ஆஃப்' ஆக்குங்கள்.

மைக்ரோவில் 'அடாப்டர் வகை தெரியவில்லை' என்று வருகிறது.

டெல் அடாப்டர் பின்னின் நடுவில் இருக்கும் மெல்லிய ஊசி, 'நான் 65 வாட்' என்று பெட்டிக்குச் சொல்கிறது. டூப்ளிகேட் அடாப்டரிலோ, ஊசி வளைந்த ஒரிஜினலிலோ அந்தச் செய்தி போகாது. அப்போது பெட்டி வேகத்தைக் குறைத்துக்கொண்டு ஓடும். 19.5 வோல்ட், 65 வாட் ஒரிஜினல் வாங்குங்கள், பழையதானாலும் பரவாயில்லை.

ஹெச்டிஎம்ஐ இல்லையே, டிவியில் எப்படி இணைப்பது?

டிஸ்ப்ளே போர்ட் இருக்கிறது. அதிலிருந்து ஹெச்டிஎம்ஐக்கு மாற்றும் சாதாரண கேபிளே போதும், ஒலியும் சேர்ந்து போகும்.

பழைய கம்பெனியின் பயாஸ் பாஸ்வேர்டு கேட்கிறது.

இந்த மாடல்களின் மதர்போர்டில் 'பிஎஸ்டபிள்யுடி' என்ற குறிப்போடு ஒரு குட்டி ஜம்பர் இருக்கும். பிளக்கைப் பிடுங்கி அதைக் கழற்றி, ஒரு முறை ஆன் செய்து, மறுபடி அணைத்து, பிளக்கைப் பிடுங்கித் திரும்பப் போட்டால் பாஸ்வேர்டு போய்விடும்.

விண்டோஸ் 10 நின்றுவிட்டதே. இனி இந்தப் பெட்டி வீணா?

2025 அக்டோபர் 14-ஓடு விண்டோஸ் 10-க்கான வழக்கமான ஆதரவு முடிந்தது. விண்டோஸ் 11 அதிகாரப்பூர்வமாகக் கேட்பது இன்டெல் 8-வது தலைமுறையும் டிபிஎம் 2.0 என்ற பாதுகாப்புச் சிப்பும், இந்தப் பெட்டிகளில் இரண்டும் இல்லை. குறுக்கு வழியில் போடலாம், பலர் போடுகிறார்கள். அடுத்த பெரிய அப்டேட்டில் என்ன ஆகும் என்ற கவலையோடு பில்லிங் கம்ப்யூட்டரை ஓட்ட நான் சொல்லமாட்டேன்.

பிரவுசர், ஈமெயில், ஆவணம், பிள்ளைகளின் படிப்பு என்றால் லினக்ஸ் மின்ட் போடுங்கள். 22-வது பதிப்புக்கு 2029 வரை பாதுகாப்பு அப்டேட் உண்டு. முதலில் பென்டிரைவில் போட்டு, எஃப்12 தட்டி, டிஸ்க்கைத் தொடாமலேயே ஓட்டிப் பாருங்கள். பிரின்டர் வருகிறதா, தமிழ் டைப்பிங் வருகிறதா, வைஃபை டாங்கிள் தெரிகிறதா என்று பார்த்துவிட்டு முடிவெடுங்கள். டேலி போன்ற விண்டோஸ் சாஃப்ட்வேர்தான் உங்கள் பிழைப்பு என்றால் லினக்ஸுக்கு மாறச் சொல்லி வற்புறுத்துவது நியாயமில்லை. அந்த வேலைக்கு 8-வது தலைமுறைப் பெட்டி ஒன்றை வாங்கி, இதை வீட்டுக்குக் கொடுங்கள்.

எப்போது கைவிடலாம்?

மதர்போர்டில் கெப்பாசிட்டர் தலை வீங்கியிருந்தால், அல்லது நல்ல எஸ்எம்பிஎஸ், நல்ல ரேம் போட்டும் உயிர் வராவிட்டால். பழைய மதர்போர்டு வாங்கி மாற்றும் செலவில் இன்னொரு முழுப் பெட்டியே கிடைத்துவிடும். அதை வாங்கிவிட்டு, பழையதிலிருந்து ரேம், எஸ்எஸ்டி, ஃபேன், எஸ்எம்பிஎஸ் எல்லாவற்றையும் கழற்றி வையுங்கள். அதே மாடல் என்றால் ஒவ்வொன்றும் என்றாவது தேவைப்படும். மீதியை அங்கீகாரம் பெற்ற மின்கழிவு மறுசுழற்சியாளரிடம் கொடுங்கள். 2023 ஏப்ரல் 1 முதல் நடைமுறையில் இருக்கும் மின்கழிவு விதிகளின்படி அதற்கான ஏற்பாடு தயாரிப்பாளர்களின் பொறுப்பு. பழைய ஹார்ட் டிஸ்க்கை மட்டும் யாரிடமும் அப்படியே கொடுக்காதீர்கள். 'டெலீட்' செய்த ஆதார் ஸ்கேனும் பேங்க் ஸ்டேட்மென்ட்டும் அதிலிருந்து மீண்டும் எடுக்கக்கூடியவை. முழு டிஸ்க்கையும் பூஜ்ஜியத்தால் எழுதி அழியுங்கள். ஓடாத டிஸ்க் என்றால் தகட்டின் வழியாக ஒரு ஓட்டை போட்டுவிட்டுக் கொடுங்கள்.